அண்டாவுக்குள் விரித்த துண்டு

2018 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். காலையில் துபாயை மூடியிருந்த பனி பத்து மணிக்கே கலைந்துவிட்டது. அந்நேரத்துக்குக் கடல் பக்கமிருந்து சில்லென்று காற்று. ஜுமைராவில் யூனியன் ஹவுஸுக்கு வெளியே நின்ற எங்கள் பஸ்ஸில், பின்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு முன்னே வந்தேன். நாற்பத்து நான்கு. திரும்ப முன்னிருந்து பின்னால் எண்ணினேன். நாற்பத்து நான்குதான். காலையில் ராஸ் அல் கைமாவில் ஏறியபோது என்னையும் டிரைவரையும் சேர்த்து நாற்பத்தைந்து.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். என் இடத்தில் இன்று கேம்ப் சூப்பர்வைசராக இருக்கும் பையன் போன மாதம் கூப்பிட்டான். பஸ் வாசலில் ஒரு டேப்லெட் வைத்துவிட்டார்களாம். ஏறுகிறவன் முகத்தைப் பார்த்து அதுவே பெயர் போட்டுக்கொள்கிறதாம். "அப்ப நீங்கல்லாம் வெறும் வெரல நீட்டியா சார் எண்ணுனீங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு அதையே எழுதுங்கள் என்றும் சொன்னான். எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு தோஹா போனேன். அங்கே நஜ்மா பகுதியில் ஒரு அறையில் ஒன்பது பேர். கட்டுமான சைட்டில் டைம்கீப்பர் வேலை. ஆள்களை எண்ணாதே, நகர்ந்துகொண்டே இருப்பார்கள், காலி இருக்கைகளை எண்ணிக் கழித்துக்கொள் என்று அங்கேதான் கற்றேன். ஒன்பது வருடம் கழித்து ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி. பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான். மீதி இருபத்திரண்டு வருடமும் அதன் தொழிலாளர் குடியிருப்பில், கேம்ப் சூப்பர்வைசராகத்தான்.

நான் மூன்று வகையில் எண்ணுவேன். பின்னிருந்து முன் ஒரு முறை, முன்னிருந்து பின் ஒரு முறை, பிறகு பெயர் கூப்பிட்டு. மூன்றும் ஒத்துப்போனால்தான் பஸ்ஸை எடுக்கச் சொல்வேன். என்னையும் டிரைவரையும் முதலிலேயே எண்ணிவிடுவேன். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கமான பிழை.

எனக்கு மேலே தயாபரன் சார், வெல்ஃபேர் மேனேஜர், யாழ்ப்பாணத்துக்காரர். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினை பேர்?" எண்ணிக்கையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டும்வரை நாம் பேசக் கூடாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமானால் மட்டும் எழுந்து நின்று பேசுவார். அதனால் அவர் நாற்காலி நகர்ந்தாலே நாங்கள் நேராக நின்றுவிடுவோம்.

அந்த வருடம் கம்பெனி, தொழிலாளர் கமிட்டி ஒன்று வைக்கச் சொல்லியது. நான் தொந்தரவு தராத ஐந்து பேரை எழுதிக் கொண்டுபோனேன். கண்ணாடி துடைத்து முடிந்தது.

"நீங்களே பொறுக்கி எடுத்தனியள். அவை உங்களுக்கு ஆமாம் போடுவினம். இது கொமிட்டி இல்லை, கோரஸ்."

"வேற எப்படி சார் போடறது?"

"வோட்டு வைப்பம். அதுக்கு முதல் ஒருக்கா யூனியன் ஹவுஸைப் பாத்திட்டு வரட்டும். இந்த நாட்டின்ர அரசமைப்பை எப்பிடி ஏழு எமிரேட் மன்னர்மார் ஒண்டா இருந்து கையெழுத்து வைச்சவை எண்டு."

"ஆறு பேர்னு படிச்சேன் சார்."

"ஆறோ ஏழோ, நீங்கள்தானே கணக்கு. போய் எண்ணிப் பாருங்கோ."

போய் எண்ணினேன். யூனியன் ஹவுஸ் வட்டமான வெள்ளைக் கட்டடம். நம் ஊர்ச் சின்னக் கல்யாண மண்டபம் அளவுகூட இல்லை. எங்கள் ஆள்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். காவலாளி சிரித்து, "ஜூத்தா பெஹனோ பாய், மாஃபி முஷ்கில்", ஒன்றும் பிரச்சினை இல்லை என்று திரும்பப் போட வைத்தார். பக்கத்து மியூசியத்தின் முகப்பில் பேனா மாதிரி சாய்ந்த ஏழு தூண்கள். ஆனால் 1971 டிசம்பர் இரண்டாம் தேதி கையெழுத்தானது ஆறு. தூண் ஏழு, கையெழுத்து ஆறு. விடுபட்டது எங்கள் ராஸ் அல் கைமா. அது இரண்டு மாதம் கழித்து பிப்ரவரியில்தான் சேர்ந்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த அரசமைப்புக்குத் தற்காலிகம் என்று பெயர் வைத்து, இருபத்தைந்து வருடம் அந்தப் பெயரிலேயே நடத்தியிருக்கிறார்கள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. என் விசாவும் அப்படித்தான்.

எங்களில் அதிகம் கேள்வி கேட்டவன் ஏழுமலை. உத்திரமேரூர் பக்கத்துக்காரன், கிளேஸ் பூசும் லைனில் வேலை, பதினோரு வருட சர்வீஸ். காலையில் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான். அவர்கள் ஊர்க் கோயில் சுவரில், ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறதாம்.

"நீ உள்ள போய் பாத்திருக்கியாலே?" என்றான் இசக்கி. இசக்கி திருநெல்வேலி, சூளைப் பகுதி.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கீது. டெய்லி பாத்துக்கினு போவேன். உள்ள போனதில்ல."

"உங்க ஊர்ல ஓசியா இருக்கத பாக்கல. இங்க வந்து பாக்கப் போற."

"அதான்பா வர்றேன். அங்க வுட்டத இங்க பாப்போம்னு."

அவனும் இசக்கியும் இரவு டூட்டிக்காரர்கள். டைல்ஸ் சூளையை அணைக்க முடியாது, அதற்கு வெள்ளிக்கிழமை கிடையாது. இரவு முழுவதும் வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்கள் பதின்மூன்று பேர். அன்று இரவு ஏழு மணிக்கு அவர்களுக்கு மறுபடி டூட்டி. நான்கு மணிக்குக் கிளம்பினால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சரியாக இருக்கும்.

நான்கு ஐந்துக்குப் பெயர் கூப்பிட்டேன். பதில் வராத பெயர் ஏழுமலை. அவன் போனுக்கு அடித்தேன். அது டிரைவர் பக்கத்தில், சார்ஜில் கிடந்து ஒலித்தது.

நானும் இசக்கியும் இறங்கி ஓடினோம். வட்டக் கட்டடம், மியூசியத்தின் கீழ்த்தளம், கழிப்பறை, தொழுகை அறை, கொடிக்கம்பத்தடி. இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் பக்கத்தில் அதே வெள்ளை, அதே நீலத் திரை போட்ட வேறொரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. அதுவும் போய்விட்டிருந்தது.

படிக்கிறவர்களுக்கு ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். வெளியே கூட்டிப்போன ஆள் எண்ணிக்கையில் குறைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆபீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆபீஸ் அதை அரசாங்கத்துக்கு அனுப்பும். ஆள் ஓடிவிட்டான் என்று பதிவாகிவிட்டால் விசா போச்சு, சர்வீஸ் பணம் போச்சு, திரும்ப வரத் தடை. பிறகு வந்து நின்று நான் ஓடவில்லை என்று சொன்னாலும் அதை அழிப்பது லேசு இல்லை. பதினோரு வருடம் ஒரு தாளில் முடிந்துவிடும். அந்தத் தாளை எழுத வேண்டியவன் நான்.

தயாபரன் சாருக்குப் போன் போட்டேன்.

"எத்தினை?"

"நாப்பத்து நாலு சார்."

கண்ணாடி துடைக்கும் நேரம் போனிலும் தெரிந்தது.

"ஆர்?"

"ஏழுமலை. கிளேஸ் லைன்."

"அவன் ஓடுற ஆளோ?"

"இல்ல சார். ஆனா ஒரு மணி நேர ரூலு..."

"ரூல் எனக்குத் தெரியும். நான்தான் எழுதினனான். ரிப்போர்ட்டில என்ர கையெழுத்தும் வேணும். நான் இப்ப குளிக்கப் போறன். முடிய முக்கால் மணித்தியாலம் எடுக்கும்."

"சார், காலைலதான குளிச்சிருப்பீங்க."

"வேர்த்துப் போச்சு, ஐசே."

ஜனவரி மாதம் அது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

பஸ்ஸுக்குள் சண்டை ஆரம்பித்திருந்தது.

"அண்ணாச்சி, ஏழு மணிக்கு பஞ்ச் அடிக்கலன்னா ஒரு நாள் கூலி போச்சு," என்றான் இசக்கி. "நாங்க பன்னெண்டு பேரு. அவன் டாக்ஸி புடிச்சு வரட்டும். நாம போவோம்."

"நாம போயிட்டா சார் ரிப்போர்ட் எழுதித்தான ஆவணும்? நாப்பது திராமுக்கு அவன் பதினோரு வருஷத்த வுட்டுட்டுப் போவியா?" என்றான் பின்சீட்டிலிருந்து ஒருவன்.

"நீ பகல் டூட்டி, உனக்கு என்ன போச்சு? நஷ்டப்படுதவன் முடிவு பண்ணட்டும்."

நான் எதையாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். நான் முதலில் எழுதிக் கொடுத்த அந்த ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகலாம் என்றாலும் தலையாட்டுவார்கள், இருக்கலாம் என்றாலும் தலையாட்டுவார்கள். கோரஸ் என்று தயாபரன் சார் சொன்னது ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஏழுமலையின் போன் ஒலித்தது. திரையில் 'வூடு' என்று வந்தது.

அவன் மனைவி. வெள்ளிக்கிழமை பேசுகிற நேரம். எடுத்தால் எங்கே அவர் என்று கேட்பாள். அத்தனை தூரத்தில் இருக்கும் பெண்ணிடம் உன் புருஷனைக் காணோம் என்று யார் சொல்வது? "எடுக்காதீங்க சார்" என்றான் ஒருவன். "பாவம், ராத்திரி பூரா அழும்" என்றான் இன்னொருவன். எடுப்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். இசக்கிகூட எதிர்க்கவில்லை. நானும் தலையாட்டினேன். அது ஒலித்து ஓய்ந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி ஒலித்தது.

"ஓட் கரோ பாய்," என்றார் டிரைவர். குல் பாய் என்கிற பட்டாணியர். "ஜல்தி கரோ. ஹம் பி கரேகா."

சீக்கிரம் ஓட்டுப் போடுங்கள், நானும் போடுவேன் என்கிறாரே, டிரைவருக்கு ஓட்டு உண்டா என்று அடுத்த சண்டை. வண்டி அவர் கையில், அவர் இல்லாமல் எந்த முடிவும் நகராது என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு உண்டா என்று வந்தபோது இசக்கி கையை ஆட்டிவிட்டான்.

"சாருக்குக் கெடையாது. எண்ணுதவரே ஓட்டும் போட்டா, எண்ணுனது சரிதானான்னு யாரு கேக்கது?"

அதுவரை என் எண்ணிக்கையை ஒருவனும் சந்தேகப்பட்டதில்லை. சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

நஷ்டப்படுகிறவன் மட்டுமா, எல்லோருமா என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆனது. கடைசியில் பின்சீட்டுக்காரன் ஒன்று சொன்னான். எல்லோரும் ஓட்டுப் போடுவோம், கூலி போனால் பன்னிரண்டு பேர் கூலியையும் ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். இசக்கி விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றான்.

மத்தியானம் எலுமிச்சம் சாதம் கொண்டுவந்த அண்டா காலியாக இருந்தது. பேரீச்சம்பழப் பெட்டியில் பாதி மீதி. ஆளுக்கு ஒரு பழம் தின்று கொட்டையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய கையை அண்டாவுக்குள் விட வேண்டும். காத்திருக்கலாம் என்பவன் கொட்டையைப் போடுவான். போகலாம் என்பவன் போடாமல் கையை எடுத்து பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். யார் பாக்கெட்டையும் யாரும் பார்க்கக் கூடாது.

முதல் ஆள் கையை விட்டான். 'டங்' என்று சத்தம் வந்தது. பஸ் முழுக்கச் சிரித்துவிட்டது. அவன் என்ன போட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது ஆள் கையை உள்ளே விடத் தயங்கி நின்றான். சத்தம் வராவிட்டால் அவன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுமே. குல் பாய் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து அண்டாவின் அடியில் விரித்தார். முதல் ஓட்டைச் செல்லாததாக்கி முதலிலிருந்து தொடங்கினோம்.

நாற்பத்து மூன்று கைகள். அதற்குள் போன் மேலும் நான்கு முறை ஒலித்து ஓய்ந்திருந்தது. துண்டை எடுத்து மடியில் வைத்து, இசக்கியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எண்ணினேன். கொட்டை இருபத்து நான்கு. காத்திருக்கலாம் என்று முடிவு. பத்தொன்பது பேர் போகலாம் என்றவர்கள்.

இரவு டூட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர்தான். எல்லோருமே போகலாம் என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் ஏழு பேர் பகல் டூட்டியிலிருந்து வர வேண்டும். வாயால் காத்திருப்போம் என்று கத்தியவர்களில் சிலர் கொட்டையைப் பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள். இரவு டூட்டிக்காரர்களில் சிலர் கூலியை விட்டுவிட்டு அவனுக்காகவும் போட்டிருக்கலாம். யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்தத் துண்டு.

ஐந்து மணி பத்து நிமிடம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. நான் ரிப்போர்ட் எழுதவில்லை. போன் மறுபடி ஒலித்தது.

இசக்கி எழுந்து முன்னால் போனான்.

"எடுக்க மாட்டோம்னு பேசிருக்கோம்ல," என்றான் ஒருவன்.

"போவோம்னு சொன்னேன், தோத்துட்டேன். கூலியும் போச்சு. இந்தச் சத்தத்தையாவது நிறுத்துதேன்," என்று போனை எடுத்துக் காதில் வைத்தான். "அம்மா, வணக்கம். ஏழுமலை வந்து..."

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. ஸ்பீக்கர் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது.

"எவ்ளோ நேரமா போன் போடறேன், ஒரு ஆளு எடுக்க மாட்டீங்களா? அவரு வேற பஸ்ஸுல ஏறித் தூங்கிட்டாராம். அல் குசைஸ்னு ஏதோ ஊராம். அந்தக் கேம்ப் கேட்டாண்ட கடைல குந்திகினு கீறாரு. புது சிம்மு, அவரு நம்பரு அவருக்கே தெரியாது. என் நம்பருதான் தெரியும். நீ போட்டுக்கினே இரு, எவனாச்சும் எடுப்பான்னாரு. கடக்காரரு நம்பர எழுதிக்கோங்க."

அன்று அந்த பஸ்ஸில் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் எடுத்த முடிவு போனை எடுப்பதில்லை என்பது ஒன்றுதான். அத்தனை நேரமும் நாங்கள் தேடிய பதில் டிரைவர் சீட்டுப் பக்கத்தில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

தயாபரன் சாருக்குச் சொன்னேன். "இப்பதான் தலை துவட்டுறன்" என்றார்.

ஆறு மணிக்கு அல் குசைஸில் அவனை ஏற்றினோம். அந்தக் கேம்ப் சூப்பர்வைசர் எங்களிடம் கோபப்பட்டார். "நான் எண்ணித்தான் எடுத்தேன், சரியா இருந்துச்சு" என்றார். அவருடைய ஆள் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் மச்சான் ரூமுக்குப் போயிருக்கிறான். அந்த இடத்தில் ஏழுமலை உட்கார்ந்து தூங்கியிருக்கிறான். கணக்கு சரி, ஆள்தான் வேறு. அவர் என்னைப் போலப் பெயர் கூப்பிடவில்லை. ஆனால் இந்த இடத்தில் அந்த டேப்லெட் எங்கள் இரண்டு பேரையும்விட நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஏழுமலை தலையைத் தொங்கப்போட்டு ஏறினான். நடந்ததைச் சொன்னார்கள். அவனுக்கு அழுகைக்குப் பதிலாக ஆர்வம் வந்துவிட்டது.

"அண்டாவுல கொட்ட போட்டீங்களா? எங்க ஊர்ல கொடத்துல ஓல போடுவாங்களாம் சார். எல்லா நஷ்டத்தையும் நானே குடுத்துடறேன்."

"நீ ஓட்டுப் போடல," என்றான் இசக்கி. "போடாதவனுக்குப் பங்கு கெடையாது. சும்மா இரு."

ராஸ் அல் கைமா சேரும்போது ஏழு முப்பது. பன்னிரண்டு பேர் கூலியும் போனது. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவனும் பதினொரு திர்ஹாமும் சில்லறையும் கொடுத்தான். போகலாம் என்று நினைத்த பத்தொன்பது பேரும் அதில் உண்டு. ஒருவனும் முணுமுணுக்கவில்லை. வட்டக் கட்டடத்தில் பார்த்ததைவிட எனக்கு அதுதான் இன்னும் விளங்காத அதிசயம்.

ஓய்வு பெற்று ஊர் வந்த பிறகு உத்திரமேரூருக்கும் போனேன். ஏழுமலை சொன்னது சரி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். அந்த எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. அங்கிருந்தவர் விரல் வைத்துச் சொன்னார். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரர்களும் கூடாது. அந்த வரியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சத்தம் வராமலிருக்கக் குடத்துக்குள் துணி விரித்தார்களா என்று கேட்டேன். ஓலைக்கு ஏது சத்தம் என்றார்.

மறுபடி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தயாபரன் சார் கூப்பிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ரிப்போர்ட் வரேல்லை. பஸ்ஸும் பிந்தி வந்திருக்கு."

"சார், நீங்கதான் குளிக்கப் போறேன்னு..."

"ஓம். விதியை நானே எழுதிப்போட்டு நானே உடைச்சா, பிறகு அது ஆருக்கு?"

மெமோவை நீட்டினார். அபராதம் இரண்டு நாள் சம்பளம். என் பெயருக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது. அவருடையது. அவருக்கு மூன்று நாள்.

என் இரண்டு நாள் சம்பளம் நூற்றெண்பது திர்ஹாம். அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல் நடந்தது. அதே அண்டா, அதே துண்டு. நான் முதலில் எழுதிக் கொடுத்த ஐந்து பேரில் ஒருவனும் வரவில்லை. இசக்கி தலைவனானான். முதல் வேலையாக, அன்று பஸ்ஸில் ஓட்டுப் போட்ட நாற்பத்து மூன்று பேரையும் கேன்டீனில் கூட்டி, என் அபராதத்தை அவர்களே கட்டுவது என்று ஓட்டுக்கு விட்டான். மேனேஜர் தன்னுடையதைத் தானே கட்டிக்கொள்ளட்டும் என்றும் அதில் சேர்த்திருந்தான். நான் வேண்டாம் என்றேன். எண்ணுகிறவருக்கு ஓட்டுக் கிடையாது என்றார்கள். எண்ணினேன். துண்டில் நாற்பத்து மூன்று கொட்டை. நீங்கள் இதற்கு முன் ஒருமனதாக எடுத்தது ஒரே முடிவு, அதுவும் தப்பான முடிவு என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை.

ஆளுக்கு நான்கு திர்ஹாம் வசூலித்தார்கள். நூற்று எழுபத்திரண்டு. மீதியை நாற்பத்து மூன்றாகப் பிரிக்க அவர்களுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஆன செலவு எட்டு திர்ஹாம்.